விடாது கருப்பும் விடாத பயமும்

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றியும் திரைப்படங்களைப் பற்றியும் ஓர் அறிவியல் இதழில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். காலராவைப் பற்றியும் மலேரியாவைப் பற்றியும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். மனநோயைப் பற்றி எங்கே படித்தோம்? நம்மில் பெரும்பாலோருக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் திரையில் பார்த்ததுதான். ஒரு பையன் தனக்குத்தானே பேசிக்கொண்டால், "அந்நியன் மாதிரி ஆயிட்டான்" என்கிறார்கள். ஒரு பெண் கண்களை உருட்டிச் சத்தம் போட்டால், "சந்திரமுகி வந்துட்டா" என்கிறார்கள். கொடூரமாகக் கொலை செய்தவனுக்கு "சைக்கோ" என்று பெயர். கேலிக்காகச் சொல்லும் சொற்கள்தாம் இவை. ஆனால் வீட்டில் ஒருவருக்கு மனநோய் வரும்போது முதலில் நினைவுக்கு வருவதும் இதே சொற்கள்தாம்.

நான் இந்தத் தொடர்களுக்கும் படங்களுக்கும் ரசிகன். சிலவற்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன், இனியும் பார்ப்பேன். ஆகவே கீழே சொல்வது, சினிமாவே ஆகாது என்பவரின் குறை அன்று. பிடித்த பொருளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பவனின் கணக்கு.

கருப்பு வந்த இரவுகள்

1990-களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் 'மர்மதேசம்' என்ற வரிசையில் சில தொடர்கள் வந்தன. கே. பாலசந்தரின் 'மின்பிம்பங்கள்' நிறுவனம் தயாரித்தது. கதை, 2024-ஆம் ஆண்டில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுதியது. இயக்கியவர் நாகா. அந்த வரிசையில் 'விடாது கருப்பு' என்ற தொடரை எங்கள் கடையநல்லூர்ப் பக்கத்தில் அந்தத் தலைமுறையினர் இன்றும் மறக்கவில்லை. ஒரு கிராமம், அங்கே காவல் தெய்வமான கருப்பு, தப்பு செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாகிறார்கள், கொன்றது சாமிதான் என்று ஊர் நம்புகிறது. கதை இதுதான்.

இந்தத் தொடர் எங்களை இவ்வளவு பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் எளிது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்களில் வளர்ந்தவனுக்குக் கருப்பசாமியும் சுடலைமாடனும் கதைப் பாத்திரங்கள் அல்லர். வயல்வெளி முடியும் இடத்தில், குளத்தங்கரையில், அரிவாளும் குதிரையுமாக நிற்பவர்கள். இரவில் அந்தப் பீடத்தைத் தாண்டி வரும்போது யாருமே சைக்கிளை மெதுவாக மிதிப்பதில்லை. அந்தப் பயத்தைத் திரைக்குக் கொண்டுவந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

ஆனால் பயமுறுத்துவது எளிது. இந்தத் தொடரின் சிறப்பு வேறு. கதாபாத்திரங்களின் சிறுவயதையும் பெரியவர்களான பின் நடப்பதையும் மாற்றி மாற்றிக் காட்டி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடயங்களை வைத்துக்கொண்டே போனார்கள். பார்ப்பவன் வாரம் முழுவதும் யோசிக்கலாம். இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ, அன்று அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று திண்ணையில் உட்கார்ந்து விவாதிக்கலாம். நாங்கள் விவாதித்தோம். ஒருவர் சொன்ன விளக்கத்தை அடுத்த வாரம் தொடரே பொய்யாக்கும். உடனே வேறு விளக்கம் தேடுவோம். கவனித்தல், ஊகித்தல், சான்றோடு பொருத்திப் பார்த்தல், பொருந்தாததைத் தள்ளுதல் என்று அறிவியல் முறையைப் பற்றிப் பாடநூல் சொல்வதெல்லாம் அந்தத் திண்ணையில் நடந்தது.

முடிவில் தொடர் சொன்ன விடை: அரிவாளைப் பிடித்தது ஒரு மனிதக் கை; அந்த மனிதனுக்குள் இருந்தது பிளவுபட்ட ஆளுமை என்னும் மனநோய். யார் அவர் என்பதை, இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். சாமியை இழிவுபடுத்தாமல், நம்புகிறவர்களை மட்டம் தட்டாமல், "நடந்ததற்கு ஒரு காரணம் இருக்கும், தேடிப் பார்" என்று சொன்னது பெரிய காரியம். பின்னாளில் வந்த பாம்புப் பெண் தொடர்களையும் பேய்த் தொடர்களையும் இதோடு ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். அவற்றில் எதுவும் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். ஆகவே பார்ப்பவன் யோசிக்க ஒன்றுமில்லை.

சாமியாட்டம் நோயா?

தொடரைப் பார்த்துவிட்டு அன்றைய இளைஞர்களில் சிலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அப்படியானால் கோயில் கொடையில் சாமியாடுகிறவர்கள் எல்லாரும் மனநோயாளிகளா? இது தவறான முடிவு. அறிவியலே அதை ஏற்பதில்லை.

நெல்லைச் சீமையின் கொடை விழாவை நினைத்துப் பாருங்கள். வில்லுப்பாட்டில் தெய்வத்தின் கதை உச்சத்துக்கு வருகிறது. நையாண்டி மேளம் ஒரே தாளத்தில் வேகம் கூட்டுகிறது. விரதம் இருந்தவர், தூக்கமில்லாத இரவில், ஊரே எதிர்பார்த்து நிற்கையில் ஆடத் தொடங்குகிறார். கவனம் ஒரே புள்ளியில் குவிய, சுற்றுப்புற உணர்வு குறைகிறது. இதனைத் தன்னுணர்வு மாறிய நிலை என்கிறார்கள். மேளம் நின்று, திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்ததும் அவர் பழைய ஆளாகிறார். மறுநாள் வயலுக்குப் போகிறார்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய பதினொன்றாம் பதிப்பு 2022-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. வேறொன்று தன்னைப் பிடித்து ஆட்டுவதாக உணரும் நிலையும் அதில் ஒரு நோயாக இடம்பெறுகிறது. ஆனால் அந்த நிலை விருப்பமின்றி வருவதாகவும், வாழ்க்கையைக் கெடுப்பதாகவும் இருக்க வேண்டும். ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வந்தால் அது நோயன்று. கொடையில் ஆண்டுக்கொருமுறை ஆடும் சாமியாடி நோயாளி அல்லர். ஆனால் மேளமும் இல்லாமல் கொடையும் இல்லாமல், அடுப்படியில் நிற்கும்போது அடிக்கடி "பிடித்துக்கொண்டு", பின்பு நடந்தது எதுவும் நினைவில்லாமல், சாப்பிடாமல் மெலிந்துபோகும் மருமகளுக்கு மருத்துவ உதவி தேவை. இந்த வேற்றுமையை எந்தத் தொடரும் எனக்குச் சொல்லவில்லை. ரசிகன் என்ற முறையில் இது என் முதல் குறை.

உண்மை நோய் எப்படி இருக்கும்?

ஒரே உடலில் இருவர் என்ற கதை தமிழ்த் திரையின் கண்டுபிடிப்பன்று. ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் டாக்டர் ஜெக்கில், ஹைட் கதையை 1886-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஹிட்ச்காக் இயக்கிய 'சைக்கோ' 1960-இல் வந்தது. கொலைகாரனைக் குறிக்க நாம் பயன்படுத்தும் சொல்லுக்கும் அந்தப் படத்தின் பெயரே பரவலான வழி வகுத்தது. நல்லவனுக்குள் ஒளிந்திருக்கும் கொலைகாரன் என்பது கதைக்கு மிக வசதியான ஏற்பாடு.

மருத்துவம் காட்டும் நோய் இப்படி இருப்பதில்லை. முன்பு பன்முக ஆளுமை நோய் என்று அழைக்கப்பட்டது, 1994-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பெயர் மாற்றப்பட்டது. இப்போதைய பெயரின் பொருள், தன் அடையாளம் ஒன்றிணையாமல் சிதறி நிற்கும் நோய் என்பது. இந்நோயாளிகளில் பெரும்பாலோர் சிறுவயதில் கடும் கொடுமைக்கு ஆளானதாகக் கூறுகிறார்கள். தாங்க முடியாததைத் தாங்குவதற்காகக் குழந்தையின் மனம் நினைவுகளைத் தனித்தனி அறைகளில் பூட்டிவிடுகிறது என்று ஒரு சாரார் விளக்குகிறார்கள். வெளியே தெரியும் அடையாளம் பெரும்பாலும் நினைவில் விழும் ஓட்டைகள்தாம். வாங்கிய நினைவே இல்லாத சட்டை அலமாரியில் இருக்கும்; பேசிய நினைவே இல்லாத பேச்சைப் பிறர் சொல்லுவார்கள். முடியை விரித்துப்போட்டுக் குரலை மாற்றிக் கர்ஜிப்பது திரையின் தேவை. நோயாளியோ தன் நிலையை மறைக்கவே பாடுபடுவார்.

அந்த நோயாளியின் அரிவாள் யார் மீது விழுகிறது? சிகிச்சைக்கு வருவோரில் 100-க்கு 70-க்கும் மேற்பட்டவர்கள் தற்கொலைக்கு முயன்றவர்கள் என்கிறது அதே கையேடு. ஆபத்து அவருக்கே. பொதுவாகவே மனநோயாளிகள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் கண்ட உண்மை.

இன்னொரு செய்தியும் வாசகர்களுக்கு வியப்பூட்டலாம். பல ஆளுமைகள் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய 'சிபில்' என்ற நூல் 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. 1976-இல் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. அதற்குமுன் மருத்துவ ஏடுகளில் மிகச் சிலவாகவே பதிவாகியிருந்த இந்நோய், அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் அங்கே ஆயிரக்கணக்கில் கண்டறியப்பட்டது. முன்பு கவனிக்கத் தவறியதை மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள் என்பது ஒரு கட்சி. கதையைப் பார்த்தவர்கள் தங்கள் துன்பத்துக்கு அந்த உருவத்தைக் கொடுத்தார்கள், மருத்துவர்களும் அதற்குத் துணைபோனார்கள் என்பது மறு கட்சி. வாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் திரை நோயைக் காட்டுவதோடு நிற்பதில்லை, நோய்க்கு உருவமும் கொடுக்கிறது என்பதை இரு கட்சியாரும் மறுப்பதில்லை.

இதோடு ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மனச்சிதைவு நோய் என்பது வேறு. அதில் ஆளுமை இரண்டாவதில்லை. இல்லாத குரல்கள் கேட்கும். யாரோ தனக்குக் கெடுதல் செய்வதாகச் சந்தேகம் வரும். பேச்சும் எண்ணமும் கோவை தவறும். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அதாவது, கடையநல்லூர் போன்ற ஒரு நகரில் பன்முக ஆளுமைக்காரரை நாம் ஆயுளில் சந்திக்காமலே போகலாம். மனச்சிதைவு உள்ளவர் நம் தெருவிலேயே இருக்கக்கூடும்.

2005: இரண்டு வெற்றிப் படங்கள்

2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'சந்திரமுகி' வந்தது. ஜூனில் 'அந்நியன்' வந்தது. இரண்டிலும் மையம் பிளவுபட்ட ஆளுமைதான். இரண்டும் பெருவெற்றி பெற்றவை.

சந்திரமுகிக்கு மூலம் 1993-இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படமான 'மணிச்சித்ரதாழ்'. அதில் ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது தகும். கங்கா என்ற பெண் ஏன் அப்படி ஆனாள் என்பதற்கு, பெற்றோரைப் பிரிந்து பாட்டியின் கதைகளுக்குள்ளேயே வளர்ந்த சிறுவயதை அந்தப் படம் பொறுமையாகச் சொல்கிறது. தமிழில் கதாநாயகனின் வீரத்துக்கு இடம் ஒதுக்கியதில் இந்தப் பகுதி மெலிந்துவிட்டது. ஆனாலும் சந்திரமுகியிடம் ஒரு நற்பண்பு உண்டு: கடைசியில் யாரும் அந்தப் பெண்ணை வெறுப்பதில்லை. அவளைத் தண்டிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. கணவன் கைவிடுவதில்லை. அவளைக் குணப்படுத்த முடியும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். பொம்மையை வெட்ட வைத்து ஒரே இரவில் குணமாக்கும் வைத்தியம் எந்த மருத்துவமனையிலும் இல்லை என்பது வேறு விஷயம். உண்மைச் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசுவது. அதைப் படமெடுத்தால் இடைவேளைக்குமுன் கொட்டகை காலியாகிவிடும்.

அந்நியனில் விக்ரமின் நடிப்பை இன்றும் நான் ரசிக்கிறேன். அம்பி, ரெமோ, அந்நியன் மூவரையும் ஒரே காட்சியில் மாற்றி மாற்றிக் காட்டிய இடத்தில் கொட்டகையில் எழுந்த கைத்தட்டல் நியாயமானது. சிறுவயதில் தங்கை தேங்கிய மழைநீரில் மின்சாரம் தாக்கி இறந்ததைக் காரணமாகக் காட்டியதும் பொருத்தமே. ஆனால் படம் நோயை எதற்காகப் பயன்படுத்துகிறது? தப்பு செய்தவர்களைக் கொல்ல ஒரு கை வேண்டும். அந்தக் கைக்குப் பழி வரக்கூடாது. முன்பு அந்த வேலையைக் கருப்பசாமி செய்தார். இப்போது நோய் செய்கிறது. சாமியின் அரிவாளை வாங்கி நோயின் கையில் கொடுத்துவிட்டார்கள். விடாது கருப்பு தொடங்கிவைத்ததை அந்நியன் முடித்துவைத்தது. சாமியைப் பற்றிய பயம் போனது. அந்த இடத்தில் நோயாளியைப் பற்றிய பயம் வந்து உட்கார்ந்தது. இதுவே என் இரண்டாவது குறை, பெரிய குறையும் இதுதான்.

2012-இல் வந்த '3' இருதுருவ மனநோயைப் பெயர் சொல்லிப் பேசியது. அது நல்ல மாற்றம். ஆனால் நோயை மனைவியிடமிருந்து மறைப்பதே அன்பு என்பதுபோல் கதை நகர்ந்தது. மறைக்காமல் முறையாக மருந்து எடுத்திருந்தால் அந்தக் கதாநாயகன் பிழைத்திருக்க வழியுண்டு என்பதைப் படம் அழுத்திச் சொல்லவில்லை.

2001: ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. அது மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம். தர்காவுக்கு வந்தால் குணமாகும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். தீ வந்தபோது ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில், தீபாவளிக்கு 'ஆளவந்தான்' வெளியானது. அதில் கமல்ஹாசன் ஏற்ற நந்து என்ற பாத்திரம் மனச்சிதைவு நோயாளி. சிறுவயதில் சிற்றன்னையின் கொடுமைக்கு ஆளானவன் என்று பரிவோடுதான் காட்டினார்கள். தொழில்நுட்பத்தில் காலத்தை மிஞ்சிய படம். ஆனால் அந்தக் கதையில் நந்து மனநலக் காப்பகத்திலிருந்து தப்பி வெளியேறும் கொலைகாரன். நாட்டில் நடந்தது, கட்டுண்ட நோயாளிகள் தீயில் கருகியது. திரையில் நடந்தது, கட்டவிழ்ந்த நோயாளியால் பிறர் செத்தது. படம் அந்தத் தீக்குமுன்பே எடுக்கப்பட்டது. ஆகவே அதன்மேல் பழி சொல்வது நியாயமன்று. ஆனால் நாலு பேரை நிறுத்தி, "மனநோயாளியால் யாருக்கு ஆபத்து?" என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், ஏர்வாடியை நினைத்து எத்தனை பேர் விடை சொல்லியிருப்பார்கள், திரையை நினைத்து எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

நம் தெருவில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் படித்தவன், ஆறு மாதமாக அறையை விட்டு வருவதில்லை. குளிப்பதில்லை. சாப்பாட்டில் ஏதோ கலந்திருப்பதாகச் சந்தேகப்படுகிறான். யாரோ கூப்பிடுவதாகச் சொல்கிறான். வீட்டார் மனத்தில் திரை இரண்டு படங்களைத்தான் பதித்திருக்கிறது. ஒன்று, பேய் அல்லது ஜின் பிடித்தவன். அப்படியானால் மந்திரிப்பவரிடம் போக வேண்டும். மற்றொன்று, எப்போது வேண்டுமானாலும் கத்தியை எடுக்கக்கூடியவன். அப்படியானால் பூட்டி வைக்க வேண்டும், வெளியே சொல்லக்கூடாது, அக்காவின் கல்யாணம் நின்றுபோகும். இரண்டு வழியிலும் மாதங்கள் கழிகின்றன. மனச்சிதைவு நோயில் அந்த மாதங்கள் விலைமதிப்பற்றவை. மருந்து எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நன்றாகத் தேற வாய்ப்பு உண்டு.

மூன்றாவது படம் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, கடைக்கோ பட்டறைக்கோ வேலைக்குப் போய்வருகிறவரின் படம். 1952-ஆம் ஆண்டில் குளோர்ப்புரோமசின் என்னும் மருந்தின் பயன் தெரியவந்த நாளிலிருந்து இது உலகெங்கும் நடக்கிறது. நம் சென்னையிலேயே டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் இத்தகையோர் பலரை வேலைக்கும் வீட்டுக்கும் திருப்பி அனுப்பியிருக்கிறது. இந்த மூன்றாவது படத்தைக் கதையின் மையத்தில் வைத்த தமிழ்த் தொடர் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஆய்வு நடத்தியது. வயது வந்தவர்களில் 100-க்கு ஏறத்தாழ 10 பேருக்கு ஏதேனுமொரு மனநலக் கோளாறு இருந்தது. பெரும்பாலான கோளாறுகளில் 100-க்கு 70-க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சை பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறையும் வெட்கமும் பயமும் இதற்குக் காரணங்கள். மருத்துவர் எண்ணிக்கையை அரசு கூட்ட வேண்டும். வெட்கத்தையும் பயத்தையும் குறைக்கக் கதை சொல்பவர்களால் முடியும்.

ரசிகர்கள் கேட்க வேண்டியவை

அடுத்தமுறை இப்படியொரு தொடரையோ படத்தையோ பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கதையில் நோயாளிக்கு நோயைத் தவிர வேறு வாழ்க்கை, அதாவது வேலை, ஆசை, நட்பு ஏதாவது இருக்கிறதா? அவர் நலம்பெறும் வழி ஏதேனும் காட்டப்படுகிறதா, அல்லது சாவும் சிறையும்தான் முடிவா? நோய் இல்லாவிட்டாலும் அந்தக் கொலை நடந்திருக்குமா, அல்லது கொலைக்காகவே நோயை இழுத்து வந்தார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பிறகும் படம் உங்களுக்குப் பிடித்தால் தாராளமாகக் கைத்தட்டுங்கள். நானும் தட்டுவேன்.

நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை விடச் சொல்லும் தேவையில்லை. ஏர்வாடி தர்காவிலேயே பிற்காலத்தில் அரசு மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. தொழுகையும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. எங்கள் பக்கத்து மக்களுக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

'விடாது கருப்பு' எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, பயந்து ஓடாமல் காரணத்தைத் தேடு என்பது. அந்தப் பாடத்தை மறக்காத ரசிகன் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கலாம். காரணம் நோய் என்று தெரிந்த பிறகு, அந்த நோயாளியைப் பார்த்தும் பயந்து ஓடாமல் இருக்கலாம்.